பொன்ராசு அண்ணாச்சியின் கிணற்றுத் தண்ணீர்

நடவு, கவாத்து, பூச்சி, மானியம் எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். புத்தகமும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. முப்பத்தோரு வருடம் தோட்டக்கலை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இத்தனை வருடத்தில் நான் எழுதிய பரிந்துரைகளில் ஒன்றே ஒன்றைத்தான் ஒரு மனிதர் லேமினேஷன் செய்து மாட்டிவைத்தார். அதில் இருந்த எண் ஒவ்வொன்றும் சரி. மொத்தமும் தப்பு. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கதை உதவும்.

அவர் பெயர் பொன்ராசு. கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஊருக்கே அண்ணாச்சி, அதனால் எனக்கும் அண்ணாச்சி. கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, கீழவைப்பாருக்கு மேற்கே, கடல்காற்று எட்டும் தூரத்தில் நாலு ஏக்கர் மணல்காடு வாங்கினார். அங்கே நின்றது பனையும் உடைமரமும் மட்டும்தான். நடுவில் ஒரு பழைய கிணறு. கிணற்றை ஒட்டி வீடு, வீட்டைச் சுற்றிப் பழத்தோட்டம் என்பது அவர் திட்டம். வீடு முடிகிறவரை ஓலைக்கொட்டகையில் இருக்க அவர் மனைவி செல்லக்கனி அக்கா சம்மதித்திருந்தார்கள். ஆனால் ஒரு மழைக்காலம்தான் தாங்குவேன், இரண்டாவது மழை விழுந்தால் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிடுவேன் என்று கெடு வைத்திருந்தார்கள்.

அண்ணாச்சிக்குப் பழத்தோட்ட ஆசை இருந்தது உண்மை. அது வெறியானது சம்பந்தியால்தான். மகளை ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்திக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். மற்ற ஊர்த் தண்ணீரையெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான் தண்ணீர் என்று சொல்வார். ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னிலையில் அவர் சொன்னாராம்.

"கடக்கரையில மாந்தோப்பா சம்பந்தி? நல்ல யோசனதான். காய் பறிச்சு அப்படியே ஊறப்போட்டுறலாம். ஊறுகாய்க்கு உப்பு தனியாப் போட வேண்டாம்."

பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி பாயசம் குடிக்காமல் எழுந்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அறுவது மாமரம் மேடம். அதுக்கு மேல நீங்க என்ன சொல்லுதியளோ அது."

மேலே அவரே சொன்னார். சப்போட்டா, கொய்யா, நெல்லி, எலுமிச்சை. குற்றாலத்தில் பார்த்தாராம், மங்குஸ்தானும் ரம்புத்தானும் வேண்டும். அது வேண்டுமென்றால் குற்றால மலையையும் சேர்த்து வாங்க வேண்டும் அண்ணாச்சி என்றேன். சிரித்துக்கொண்டே அந்த இரண்டையும் அடித்துவிட்டார். அந்த நேரத்தில் என்னை நான் பெரிய கெட்டிக்காரியாக நினைத்துக்கொண்டேன்.

நிலத்தைப் பார்க்க ஐப்பசியில் போனேன். நல்ல மழை. மண்ணை நானே குழி தோண்டி எடுத்தேன். மழை வலுத்துவிட்டதால் கிணற்றுப் பக்கம் போகவில்லை. தண்ணீர் மாதிரிக்கு இன்னொரு நாள் வரலாம் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்துக்கு பஸ் அரிது. அந்த மாதம் கன்று விநியோகக் கணக்கை முடிக்க வேண்டிய அவசரம் வேறு. இதெல்லாம் நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மைக் காரணம், அலுப்பு. அண்ணாச்சி நம்பருக்கு போன் போட்டேன். செல்லக்கனி அக்கா எடுத்தார்கள்.

"அக்கா, அண்ணாச்சி நாளைக்கு ஆபீசுக்கு வராங்கல்லா, அவங்ககிட்ட ஒரு பாட்டில் தண்ணி குடுத்து விடுங்க."

"சரிம்மா, அதுக்கென்ன" என்றார்கள்.

மறுநாள் அண்ணாச்சி மஞ்சள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "நீங்க கேட்ட தண்ணி" என்று வைத்தார். பரிசோதனைக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அங்கே வேலை பார்த்த நண்பர் கூப்பிட்டார்.

"மேடம், இது எந்த ஊரு தண்ணி?"

"கீழவைப்பார்ப் பக்கம்."

"கடற்கரையிலயா? உப்பே இல்லையே. இதை பாட்டில்ல அடைச்சு விக்கலாம் மேடம். லேசா மஞ்சளா இருக்கு, ஒரு வாசனையும் வருது. மத்தபடி முதல் தரம்."

"கிணத்துக்குள்ள சருகு விழுந்து ஊறியிருக்கும்" என்றேன். கேள்வி என்னவென்று சரியாகக் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வைத்திருப்பது நம் வேலையில் வரும் ஒரு வியாதி. எனக்கு அது முற்றியிருந்தது.

அறிக்கையையும், அதன் பேரில் நான் எழுதிய நடவுப் பரிந்துரையையும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்செடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், தப்பா நெனைக்கக் கூடாது. அந்தத் தண்ணி வாயில வச்சா சவரடிக்கே. மாமரம் தாங்குமா?"

அப்போது நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

"அண்ணாச்சி, இதுல நம்பர் இருக்கு. உங்க நாக்குல நம்பர் இருக்கா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தார். "அதுவும் சரிதான். நாப்பது வருசம் உப்பு மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்த நாக்கு. அது எதத் தொட்டாலும் உப்புன்னுதான் சொல்லும்" என்றார்.

தாளை லேமினேஷன் செய்து கொட்டகைத் தூணில் மாட்டினார். அதைப் படமெடுத்து சம்பந்திக்கு வாட்சப்பில் அனுப்பினார். அதோடு நிற்காமல், அன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்க ஆரம்பித்தார். வீட்டில் மற்றவர்களுக்குக் கேன் தண்ணீர். அவருக்கு மட்டும் கிணற்றிலிருந்து ஒரு செம்பு. முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பழகுவதற்கு ஒரு வாரம் ஆனது என்று பிற்பாடு சொன்னார்.

கார்த்திகையில் நட்டோம். மழை கைகொடுத்தது. தை மாதம் வரை கன்றுகள் தளதளவென்று நின்றன. அண்ணாச்சி தினமும் ஒரு படம் அனுப்புவார், நான் தினமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். மாசியில் கிணற்றுத் தண்ணீர் பாய ஆரம்பித்தது. மாசிக் கடைசியில் வந்த படத்தில் மாவிலைகளின் நுனி கருகியிருந்தது.

நுண்ணூட்டக் குறைபாடு என்று போனிலேயே சொல்லி ஒரு தெளிப்பு எழுதினேன். பங்குனியில் ஓரமும் கருகியது. வேர் சரியாகப் பிடிக்கவில்லை, தண்ணீரைக் கூட்டுங்கள் என்றேன். கூட்டினார். இன்னும் வேகமாகக் கருகியது. சித்திரையில் கடல்காற்றைக் குற்றம் சொன்னேன், கன்றுகளைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டச் சொன்னேன். அறுபது கன்றுக்கும் ஆளுயரத் தட்டி கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால், திருவிழாவுக்குக் கூட்டம் வருமென்று அறுபது குளியலறை கட்டிவைத்த மாதிரி இருந்தது என்று செல்லக்கனி அக்கா சொன்னார்கள்.

மூன்று முறையும் தண்ணீரைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீருக்குத்தான் அறிக்கை இருக்கிறதே.

வைகாசியில் வீட்டுக்கு நிலை வைக்க நாள் குறித்தார்கள். உங்களில் நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டின் தலைவாசல் சட்டத்தை நிறுத்துவதுதான் நிலை வைப்பது. அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்புவதற்கு முன்னால், நல்ல நேரம் பார்த்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் செய்வார்கள். நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். அண்ணாச்சி பார்க்கிற ஆளிடமெல்லாம் தோட்டம் பார்க்க வாங்க என்று சொல்லிவைத்திருந்ததால் ஒரு வேன் கூடுதலாகவே வந்தது. நானும் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆத்தூர்ச் சம்பந்தி வெள்ளை வேட்டியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓலைத்தட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் நேரம். வேப்பமர நிலை, நல்ல கனம். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, நான்கு பேர் அதைத் தூக்கி நிறுத்திப் பிடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, அடுப்படியிலிருந்து சமையல்காரர் துண்டைத் தோளில் போட்டபடி வந்தார்.

"அண்ணாச்சி, டீக்கு வச்ச பால் திரிஞ்சுட்டு."

"வேற பால் இருக்கில்லா, வையும்."

"ரெண்டாவது பானையும் திரிஞ்சுட்டு அண்ணாச்சி."

நிலை வைக்கிற நேரத்தில் ஒரு தடவை பால் திரிந்தாலே பேசுவார்கள். இரண்டு தடவை என்றால் கேட்கவே வேண்டாம். வயதில் மூத்த உறவினர் ஒருவர் முன்னால் வந்தார்.

"இது சரியாப் படல பொன்ராசு. எடம் ஒத்துக்கிடலன்னு அர்த்தம். இன்னைக்கு நிறுத்து. சோசியர்ட்ட கேட்டுக்கிட்டு வேற நாள் பாப்போம்."

"வேற நாளா, வேற எடமா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

நிலையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர், "அண்ணாச்சி, வைக்கவா, படுக்கப் போடவா? கை கடுக்கு" என்றார்.

அண்ணாச்சி, ஆரத்தித் தட்டோடு நின்ற செல்லக்கனி அக்காவைப் பார்த்தார். கடையை விட்டுவிட்டு, வாழ்நாள் சேமிப்பை மணலில் போட்டுவிட்டு நிற்கிற மனிதர். அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

என் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. முதல் பானை டீயைச் சமையல்காரர் கவனிக்காமல் எனக்கு ஊற்றியிருந்தார். பால் தயிர்போலக் கட்டிகட்டியாக மிதந்தது. அதைப் பார்த்தேன். பக்கத்துத் தட்டிக்குள் கருகிய மாங்கன்றைப் பார்த்தேன்.

"கேன் தண்ணி எத்தனை பேருக்கு வாங்கினீங்க?" என்று சமையல்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பொங்கலுக்கே சரியாப் போச்சும்மா. டீக்குக் கிணத்துத் தண்ணிதான். அதுதான் நல்ல தண்ணின்னு தூண்ல மாட்டியிருக்கே."

கிணற்றடிக்கு நடந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி இருந்தார். எந்த நிலத்துக்குப் போனாலும் முதல் வேலையாகக் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைப்பார். சார் தீர்த்தம் வாங்குகிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அன்றைக்கு நான் வாளியில் கைவிட்டுத் தீர்த்தம் வாங்கினேன். நாக்கு சுருண்டது. இதையா ஏழு மாதமாக ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

கிணற்றிலிருந்து கூட்டத்துக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடிக்குள் ஒரு நல்ல பொய் தயாராகிவிட்டது. "வைகாசி வெயில், பால் பஸ்ஸுல வந்திருக்கு, திரியத்தான் செய்யும்." ஆபீசர் சொன்னால் நம்பிவிடுவார்கள். நிலை ஏறிவிடும். தண்ணீர் விஷயத்தை அண்ணாச்சியிடம் பிறகு தனியாக, பக்குவமாக, முடிந்தால் வேறு யார் தப்பாகவாவது மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போது கொத்தனார் குனிந்து, நிலைக்கு வைக்கிற கலவையில் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கூரைத் தளத்துக்கான இரும்புக் கம்பிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. பொய் தொண்டையிலேயே நின்றது.

"பால் திரிஞ்சதுக்கு இடம் காரணமில்ல" என்றேன். "கிணத்துத் தண்ணி உப்பு. அதுலதான் டீ போட்டிருக்காங்க. மாங்கன்னு கருகுறதும் அதனாலதான். தண்ணி நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான். தப்பு என்னோடது."

"அப்ப வைக்கலாமா?" என்றார் நிலை பிடித்தவர்.

அண்ணாச்சி தூணைக் காட்டினார். "அப்ப அந்த ரிப்போர்ட்டு?"

"அது வேற ஏதோ தண்ணி அண்ணாச்சி. எந்தத் தண்ணின்னுதான் எனக்குத் தெரியல."

செல்லக்கனி அக்கா தட்டைக் கீழே வைத்தார்கள். "ஆபீசரம்மா, அன்னைக்கு போன்ல ஒரு பாட்டில் தண்ணி கேட்டியளே, அதையா டெஸ்டுக்கு அனுப்புனிய?"

"ஆமாக்கா. கிணத்துத் தண்ணி."

"கிணத்துத் தண்ணின்னு நீங்க எங்க சொன்னிய? ஒரு பாட்டில் தண்ணி குடுத்து விடுங்கன்னிய. சரி, ஆபீசுல குடிக்க நல்ல தண்ணி இருக்காது போல, பாவம் பொம்பளப் பிள்ளன்னு, கேன் தண்ணியில சீரகம் போட்டுக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, வடிகட்டில்லா குடுத்து விட்டேன்."

மஞ்சள் நிறமும் வாசனையும் அந்த நொடியில் எனக்கு விளங்கின. சர்க்கார் செலவில் சீரகத் தண்ணீருக்கு முதல் தரச் சான்று வாங்கி, அதை நம்பி அறுபது மாமரம் நட்ட ஒரே அலுவலர் நானாகத்தான் இருப்பேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. தண்ணீர் கேட்டவளுக்கு இருக்கிறதிலேயே நல்ல தண்ணீரைக் கொடுத்தார்கள். நம் மேசையில் புழங்கிப் புழங்கி நமக்குத் தண்ணீர் என்றாலே மாதிரி என்று ஆகிவிட்டது. எதிரே இருப்பவருக்குத் தண்ணீர் என்றால் குடிக்கிறதுதான். யாரிடம் எதைக் கேட்டாலும், எங்கிருந்து, எதற்கு என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். அதைவிட, நீங்களே போய் எடுங்கள்.

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். என்னையோ மனைவியையோ திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் என்னிடம் கேட்டது இதுதான்.

"அப்ப என் நாக்கு?"

"உங்க நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு அண்ணாச்சி. நான்தான் கேக்கல."

அவர் முகம் மலர்ந்தது. "ஏளா, கேட்டியா? என் நாக்குக்கு ஒண்ணுமில்ல. ஏழு மாசமா எனக்கு நாக்கு போயிட்டுன்னுல்லா கவலப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

"நாக்கு போகல. பிரசர்தான் கூடியிருக்கு. டாக்டர் உப்பக் கொறைன்னு சொன்னாரு, நான் கொழம்புல போய்க் கொறச்சேன்" என்றார்கள் அக்கா.

மலர்ந்த முகம் அப்படியே விழுந்தது. "மேடம், அப்ப மாங்கன்னு?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் சம்பந்தியின் பக்கம் திரும்பியிருந்தது. அவருக்கு இது வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற சந்தர்ப்பம். அவர் கிணற்றடிக்குப் போய், ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திரும்பி வந்தார். நேராகக் கொத்தனாரிடம் போனார்.

"ஏலே, கலவைக்கு எந்தத் தண்ணி ஊத்துத?"

"இதே தண்ணிதான் ஐயா. அண்ணாச்சி ரிப்போர்ட்டக் காட்டுனாவ."

"அஸ்திவாரத்துல கம்பி இருக்கா?"

"இல்ல, முழுக்கக் கருங்கல்லுதான். தளத்துக்குத்தான் கம்பி. அதுக்கும் இந்தத் தண்ணிதான்னு இருந்தோம்."

சம்பந்தி அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார். "பொழச்சிய சம்பந்தி. இந்தத் தண்ணியில காங்கிரீட் போட்டிருந்தா, பத்து வருசத்துல கம்பி துருப்பிடிச்சுத் தளம் தலையில எறங்கியிருக்கும். பால் இன்னைக்கே திரிஞ்சதே, அது ஒங்க நல்ல நேரம்." பிறகு அந்த நான்கு பேரிடம் திரும்பினார். "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? வைங்கல. நேரம் போகுது."

"அதத்தான் நானும் நெனச்சேன். திரிஞ்ச பால் நல்ல சகுனம்" என்றார், நிறுத்தச் சொன்ன அந்தப் பெரியவர்.

கேன் தண்ணீரில் கலவை குழைத்து நிலையை வைத்தார்கள். கேன் வாங்கிவர ஒரு பைக் வேம்பாருக்குப் பறந்தது. அதுவரை அந்த நான்கு பேரும் நிலையைப் பிடித்துக்கொண்டேதான் நின்றார்கள். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது.

தப்பை ஒத்துக்கொண்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மரத்துக்கு நம் ஒப்புதல் வாக்குமூலத்தால் ஒரு பயனும் இல்லை. சப்போட்டா, நெல்லி, கொய்யா மூன்றும் அந்தச் சவர்த் தண்ணீரை ஓரளவு தாங்கிக்கொண்டன. எலுமிச்சை மொத்தமாகப் போனது. மாவில் பாதிக்கு மேல் போகும் என்று தெரிந்தது. எது போகும், எது நிற்கும் என்று பார்க்க அண்ணாச்சிக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இதிலும் ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை சுரண்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் காலையும் மாலையும் சுரண்டினார். பிழைத்திருந்த கன்றுகளும் சுரண்டலில் சாகத் தொடங்கின. மூன்றாவது வாரம் செல்லக்கனி அக்கா போன் செய்தார்கள்.

"ஆபீசரம்மா, நகத்த வெட்டச் சொல்லட்டா, மரத்த வெட்டச் சொல்லட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நகத்தை வெட்டினார்.

அடுத்த வழி அக்காவிடமிருந்துதான் வந்தது. கொட்டகை ஓலை ஓரத்தில் மழைக்குப் பானை வைத்து, அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் பருப்பு வேகவைப்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாதாம். இதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பருப்புக்கு ஆவுத தண்ணி மாங்கன்னுக்கு ஆவாதா?" என்று கேட்டார்கள். வீட்டுத்தளம் இன்னும் போடவில்லை. கொத்தனாரை உட்காரவைத்து வரைபடத்தை மாற்றினோம். தளத்தில் மழைத்தண்ணீர் ஓடும் வாட்டம் முழுவதும் ஒரு மூலைக்கு, அங்கிருந்து முன்முற்றத்துக்கு அடியில் ஒரு பெரிய தொட்டிக்கு. குழி தோண்டி முடித்தபோது வீட்டைவிடத் தொட்டி பெரிதோ என்று வந்தவர்கள் கேட்டார்கள். வெளியிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கி காங்கிரீட் போட்டார்கள். கெடு வைத்த மழை விழுவதற்கு நான்கு நாள் முன்னால் அக்கா கொட்டகையிலிருந்து வீட்டுக்கு மாறினார்கள்.

தொட்டித் தண்ணீர் கோடைக்கு எத்தனை மாமரத்துக்குக் காணும் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு. மிச்ச இடத்தில் உப்பு தாங்குகிற இலந்தை, மாதுளை, நாவல் நடச் சொன்னேன். அறுபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்க அண்ணாச்சிக்கு ஒரு மாதம் பிடித்தது. இருபதுக்காவது ஒத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் பேரம் பேசினார், ஏதோ நான் மழையைப் பதுக்கி வைத்திருப்பது போல. இந்த முறை நான் அசையவில்லை. மனிதர் கெஞ்சுகிறார் என்பதற்காக ஒரு மரம் கூட்டி எழுதாதீர்கள். அந்தக் கூடுதல் மரம் மற்ற மரங்களின் தண்ணீரைத்தான் குடிக்கும்.

தொட்டிக்குப் பூட்டு போட்டு சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். விருந்தாளிகள் குளிக்கக் கிணற்றுத் தண்ணீர், அதில் சோப்பு நுரைக்காது. "மருமவனுக்குச் சவர்த் தண்ணி, மாமரத்துக்கு மழத்தண்ணி. இந்தக் கொடுமைய எங்கயாவது பாத்திருக்கியளா?" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்கள். மகள் மட்டும் ரகசியமாகச் சாவி வாங்கித் தலைக்குக் குளிப்பாளாம்.

பன்னிரண்டில் ஒன்றைக் காற்று சாய்த்தது. பதினோரு மரம் இன்றைக்கும் நிற்கிறது. நான்காம் வருடம் காய்த்தது. முதல் பழத்தை அண்ணாச்சி காகிதத்தில் சுற்றி, ஆத்தூர் போகிற ஒரு ஆளிடம் சம்பந்திக்குக் கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் வாட்சப்பில் பதில் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. வழித்துச் சப்பிய மாங்கொட்டையின் படம் மட்டும். அதை அண்ணாச்சி எனக்கு அனுப்பி, "இதுக்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். நிலை வைத்த அந்த மாதக் கடைசியில், செத்துப்போன கன்றுகளுக்கு அலுவலகத்தில் இழப்புப் படிவம் எழுத வேண்டியிருந்தது. காரணம் என்ற தலைப்பின் கீழ் கட்டங்கள் இருக்கும், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். வறட்சி, வெள்ளம், புயல், பூச்சி, நோய், கால்நடை. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கால்நடைன்னு போடுங்க மேடம். ஆடு வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டு, தாளின் ஓரத்தில் எழுதினேன். "கிணற்று நீர் மாதிரியை நான் நேரில் எடுக்கவில்லை. தவறான பரிந்துரை என்னுடையது." கையெழுத்துப் போட்டு அப்போதைய மேலதிகாரியின் அறைக்கு நானே கொண்டுபோனேன். அவர் யாரையும் திட்டாத மனிதர், யாரையும் பாராட்டாத மனிதரும்கூட. ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது அவருக்கு. படிவத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது என்னம்மா?"

"காரணம் சார்."

"கட்டத்துல இல்லையே."

"கட்டத்துல அது இல்ல சார்."

பேனாவின் மூடியைக் கழற்றினார். மெமோ எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அதுவும் பிறகு வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். நான் ஓரத்தில் எழுதியிருந்ததைச் சுற்றி நிதானமாக நான்கு கோடு போட்டார். பக்கத்தில் ஒரு டிக் அடித்தார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"கட்டத்துக்கு வெளிய எழுதினா ஆடிட்ல கேப்பாங்கம்மா" என்றார்.